தெரியாமல் அழுத்திய ‘யெஸ்’

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி மலர்க்குழு நண்பர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா. கட்டுரைன்னா பத்தாவதுல பொதுக்கட்டுரை எழுதினதோட சரி" என்று நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "லீவுல ராத்திரி ராத்திரி ஏதோ பழைய கேம் ஆடினியாமே, அதை எழுது" என்றார். கேம் ஆடியதை ஆண்டு மலரில் எழுதுவதா? சார்கள் எல்லாம் படிப்பார்களே! இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, எழுதித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. நண்பர்களே, அரக்கனை ஜெயித்த வீரக் கதை என்று நினைத்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் சொல்லிவிட்டு முழித்தவனின் கதை இது.

ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை முடிந்த லீவில் மாமா பையன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஆட்டோகேட் போட்டு வீட்டிலேயே வரைந்து பழகலாம் என்று ஆசைப்பட்டேன். அது திறப்பதற்குள் அம்மா சோறு வடித்து முடித்துவிடுவார்! அந்தக் கம்ப்யூட்டரில் தடுமாறாமல் ஓடியது ஒரே ஒரு சாமான்தான். மாமா பையன் அதில் ஏற்றி வைத்திருந்த ‘டிராகன் வாரியர்’.

இந்த கேமுக்கு வயது நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1986 மே 27-ல் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற பெயரில் எனிக்ஸ் கம்பெனி இதை வெளியிட்டது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டி.வி. கேம் பெட்டியில் ஆடுவதற்காகச் செய்தது. 1989-ல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் ‘டிராகன் வாரியர்’ என்று பெயர் மாறியது. கதையையும் அமைப்பையும் யோசித்தவர் யூஜி ஹோரி. பூதங்களை வரைந்தவர் அகிரா தோரியாமா, அதாவது நம்மில் பலர் டி.வி.யில் பார்த்த ‘டிராகன் பால்’ கதையைப் படைத்த அதே மனிதர். 2024-ல் காலமானார். இசை கோய்ச்சி சுகியாமா. அவரும் 2021-ல் மறைந்துவிட்டார். ப்ரோக்ராம் எழுதிய கோய்ச்சி நகாமுராவுக்கு அப்போது வயது 21! நம் சீனியர்களின் வயதுதான்.

மொத்தமே 64 கிலோபைட். செல்போனில் நாம் எடுக்கும் ஒரு போட்டோவுக்குள் இதைப் போல நாற்பது ஐம்பது கேமை அடைத்துவிடலாம். அந்த இடத்துக்குள் ஒரு நாடு, ஊர்கள், குகைகள், ராஜா, இளவரசி, நாற்பது வகைக்குக் குறையாத பூதங்கள், பாட்டு! ஒரு சின்ன சைட்டில் ஒரு அங்குலத்தைக்கூட வீணாக்காமல் வீடு கட்டின மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை நம் தாத்தா பாட்டி சொல்லும் ராஜா கதைதான். அலெஃப்கார்ட் என்று ஒரு நாடு. அதன் ஒளிக்கோளத்தை டிராகன்லார்டு என்பவன் கவர்ந்துகொண்டான். ராஜாவின் மகளையும் தூக்கிப் போய்விட்டார்கள். எர்ட்ரிக் என்ற பழைய வீரனின் வம்சத்தில் வந்தவன் நீ, போய் மீட்டுக்கொண்டு வா என்கிறார் ராஜா. கூடத் துணைக்கு ஒருவரும் கிடையாது. சண்டை என்றாலும் ஒரே சமயத்தில் ஒரு பூதம்தான் வரும். ஒண்டிக்கு ஒண்டி.

முதல் நாள் அரை மணி நேரம் எனக்கு ராஜாவின் அறையை விட்டே வெளியே வரத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள். இந்த கேமில் படிக்கட்டின் மேல் போய் நின்றால் மட்டும் இறங்கிவிடாது. மெனுவைத் திறந்து, ‘படி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவு திறக்க ஒரு கட்டளை, பெட்டியில் உள்ளதை எடுக்க ஒரு கட்டளை, பேச ஒன்று, தேட ஒன்று. அறையில் மூன்று பெட்டி இருந்தது. ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. அந்தச் சாவியால் அந்த அறையின் கதவைத் திறந்தால்தான் வெளியே போக முடியும். ராஜாவும் காவலாளிகளும் இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கிலீஷில் சொன்னார்கள். நான் படிக்கவில்லை. ‘ஏ’ பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒருவழியாக டான்டிஜெல் கோட்டையை விட்டு வெளியே வந்தால், ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை. சார்லாக். டிராகன்லார்டின் கோட்டை! கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே எதிரே தெரிகிறது. கல்லெறி தூரம். ஆனால் பாலம் இல்லை. நாடு முழுக்கச் சுற்றி வந்தால்தான் அந்தத் துளித் தண்ணீரைத் தாண்ட முடியும். இதை யோசித்து வைத்த ஹோரிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

120 காசை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான பிரெக்கனரிக்குப் போனேன். மூங்கில் கழி 10 காசு, தடி 60, செம்பு வாள் 180. துணிச் சட்டை 20, தோல் கவசம் 70. எங்கள் அம்மா சம்பளக் காசை வைத்துக்கொண்டு மளிகைக் கணக்குப் போடுவது போலக் கணக்குப் போட்டு, தடியும் துணிச் சட்டையும் வாங்கினேன். மீதி 40.

வெளியே வந்ததும் ஸ்லைம். தோரியாமா வரைந்த நீலநிறக் குட்டிப் பூதம். தண்ணீர்ச் சொட்டு மாதிரி உருவம், முகத்தில் சிரிப்பு. அதை அடித்தால் ஒரு அனுபவப் புள்ளி. இரண்டாம் லெவலுக்கு 7 புள்ளி வேண்டும், மூன்றாம் லெவலுக்கு 23. அப்படியே ஏறிக்கொண்டே போய், கடைசி லெவலான முப்பதுக்கு 65,535. அது ஏன் அந்த எண்? கம்ப்யூட்டர் பிரிவு நண்பனிடம் கேட்டேன். அவன் கையில் இருந்த வடையைக் கீழே வைக்காமலே, "ரெண்டு பைட்டுல அவ்வளவுதான்டா எழுத முடியும்" என்றான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தின ஜப்பான்காரனின் இட நெருக்கடி எங்கள் கேன்டீன் மேசையில் பளிச்சென்று புரிந்துவிட்டது.

இந்த கேம் யாரையும் எங்கேயும் தடுப்பதில்லை. ‘உனக்கு இன்னும் தகுதி வரவில்லை’ என்று போர்டு வைக்கவில்லை. முதல் நாளே பாலம் தாண்டிப் போகலாம். போய்ச் சாகலாம்! ஒவ்வொரு பாலம் தாண்டினதும் பூதங்களின் பலம் கூடிவிடும். நான் மூன்றாம் லெவலிலேயே தெற்கே பாலம் தாண்டி, என்னவென்று தெரியாத ஒன்றிடம் இரண்டு அடியில் விழுந்தேன். செத்தால் ராஜாவின் முன்னால் போய் எழுந்திருப்போம். கையில் உள்ள காசில் பாதி போயிருக்கும். ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒன்றுகூடக் குறையாது. அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதன் அருமை தெரியும். நமக்கும் அப்படித்தான், பரீட்சை ஃபீஸ் போய்விடும். படித்தது எங்கே போகும்? (எனக்கு மூன்றாம் செமஸ்டரில் ஒன்று இருந்தது. கட்டிவிட்டேன்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாவைப் பார்த்துப் பேசினால்தான் நாம் செய்ததெல்லாம் பதிவாகும். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்பி டான்டிஜெலுக்கு வர வேண்டும். ஜப்பானில் 1986-ல் வந்ததில் இந்த வசதியும் கிடையாது. ராஜா இருபது எழுத்தில் ஒரு மந்திரம் சொல்வார். அதை நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே அடித்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியவன் கதி? அவ்வளவுதான். அமெரிக்க கார்ட்ரிட்ஜில் பேட்டரி வைத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஆடுகிற நமக்கோ எந்த இடத்திலும் பதிவு செய்துகொள்ளும் குறுக்கு வழியும் உண்டு. அதையும் ஒரு தடவை செய்தேன். உயிர் ஒன்றே ஒன்று பாக்கி, எதிரே எலும்புக்கூடு வாளை ஓங்கி நிற்கிறது, அந்த நேரம் பார்த்துப் பதிவு செய்துவிட்டேன்! திறக்கத் திறக்கச் சாவு. அத்தோடு குறுக்கு வழிக்கு முழுக்கு.

நான்காம் நாள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அடிதடியால் இந்த கேம் நகராது. பேச்சால்தான் நகரும். ஒவ்வொரு ஊரிலும் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று தெரியும். ஒருவனுக்கு முழுசாகத் தெரியாது. ஒரு ஊர்க்காரன் இன்ன பொருள் இருக்கிறது என்பான். அது எங்கே என்று வேறு ஊர்க்காரன் சொல்வான். அதை எப்படி உபயோகிப்பது என்று மூன்றாவது ஊரில் ஒரு கிழவர் சொல்வார். கேட்காமல் தாண்டிப் போனால் நஷ்டம் நமக்கு.

ஆனால் அந்த இங்கிலீஷ் இருக்கிறதே! எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே வந்து மூன்று வருடமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த கேமில் வருகிற வார்த்தைகளோ நம் புத்தகத்தில் இல்லாதவை. ‘யூ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தௌ’ என்று வருகிறது. ‘தீ’, ‘தை’, ‘ஹாஸ்ட்’, ‘டஸ்ட்’. அச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன். லீவு முடிந்ததும் இங்கிலீஷ் சாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். கேம் என்று சொல்லவில்லை, ஒரு கதையில் வருகிறது என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்ப்பா. தௌ-ன்னா நீ. ஹாஸ்ட்-னா ஹேவ்தான். நீ இதெல்லாம் படிக்கிறியா?" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் கூச்சமாகிவிட்டது. இன்றைக்கு இதைப் படித்தால் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். மன்னிக்கணும் சார்.

உண்மையில் ஜப்பானியமொழியில் இந்த ராஜபாஷை கிடையாதாம். அமெரிக்காவுக்காக மொழிபெயர்த்தவர்கள்தான் பழைய காலத்து மணம் வரட்டும் என்று இப்படி எழுதினார்களாம். அவர்கள் மணத்துக்காகச் செய்தது எனக்கு மூச்சு முட்டியது.

பழைய ரெக்கார்ட் நோட்டில் மீதியிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். இடது பக்கம் யார் சொன்னது, எந்த ஊர். வலது பக்கம் அர்த்தம். கோல் என்ற ஊரில் குளிக்கும் இடத்துக்குத் தெற்கே தோண்டினால் ஒரு புல்லாங்குழல். கான்ட்லின் ஊர் வாசலில் நிற்கும் கோலெம் என்ற கல் பூதத்தைத் தூங்க வைக்க அதுதான் வேண்டும். நான் முதல் தடவை குழல் இல்லாமல் போய் அடி வாங்கினவன். காரின்ஹாமுக்கு அடியில் ஒரு சமாதி, அதற்குள் ஒரு வெள்ளி யாழ். அதைக் கொண்டுபோய் ஒரு கிழவரிடம் கொடுத்தால் மழைக்கோல். சூரியக் கல்லைத்தான் எங்கெங்கோ தேடி அலைந்தேன். கடைசியில் அது டான்டிஜெல் கோட்டையின் நிலவறையிலேயே இருந்தது! முதல் நாள் நான் படியிறங்கத் தெரியாமல் நின்றேனே, அந்தக் கோட்டைக்கு அடியில்.

சிவில்காரனுக்கு மனசு நிறைந்த இடம் ஒன்று உண்டு. கான்ட்லினில் ஒருவன் சொல்கிறான்: எர்ட்ரிக்கின் சின்னம் கிடைக்க வேண்டுமானால், டான்டிஜெலில் இருந்து தெற்கே 70, கிழக்கே 40 போக வேண்டும். அவ்வளவுதான் தகவல். அங்கே மரமோ பாறையோ அடையாளம் ஒன்றும் கிடையாது. வெறும் சதுப்பு நிலம். ஆனால் இளவரசியை மீட்டால் அவள் ஒரு பொருள் தருவாள். அதை எங்கே நின்று உபயோகித்தாலும், தன் கோட்டை அங்கிருந்து வடக்கே எத்தனை, மேற்கே எத்தனை என்று சொல்லும். அட, இது நம்ம கோ-ஆர்டினேட் சர்வே! நான் கிராஃப் தாள் இரண்டை ஒட்டி, ஒரு கட்டத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து, டான்டிஜெலை பெஞ்ச் மார்க் மாதிரி வைத்து மொத்த நாட்டையும் வரைந்தேன். நாடு 120-க்கு 120 கட்டம்தான் என்று பின்னால் தெரிந்தது. தெற்கே 70, கிழக்கே 40-ல் போய் நின்று ‘தேடு’ கொடுத்தேன். சின்னம் கையில்! சர்வே கேம்பில்கூட எனக்கு அந்த மாதிரி டிராவர்ஸ் பிழையில்லாமல் மூடியதில்லை. தாளைச் சுவரில் ஒட்டி வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "ப்ராஜெக்டாப்பா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இளவரசியைச் சொன்னேன் அல்லவா. சதுப்புக் குகையில் ஒரு பச்சை டிராகன் காவல் காக்க, அவள் அடைந்து கிடக்கிறாள். டிராகனைக் கொன்றதும், என்னைக் கோட்டைக்குக் கூட்டிப் போவாயா என்று கேட்கிறாள். யெஸ், நோ என்று இரண்டு பதில். விளையாட்டுக்கு நோ கொடுத்துப் பார்த்தேன். ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிற மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பவும் அதே கேள்வி. நோ. அதே வரி. அதே கேள்வி. பத்துத் தடவை நோ சொன்னாலும் விடாது. யெஸ் சொன்னால்தான் கேம் நகரும். சரிதான், இந்த யெஸ்-நோ எல்லாம் சும்மா ஒப்புக்கு; யெஸ் அழுத்திக்கொண்டே போகலாம் என்று முடிவு கட்டினேன்.

சின்னம், கல், கோல் மூன்றையும் தெற்குக் கோவிலில் கொடுத்து, வானவில் துளியை வாங்கி, அந்தத் தண்ணீருக்குக் குறுக்கே வானவில் பாலம் போட்டு, சார்லாக் கோட்டைக்குள் நுழைந்தபோது நான் பத்தொன்பதாம் லெவல். ஆட ஆரம்பித்து அது பதினேழாம் ராத்திரி. சிம்மாசனத்துக்குப் பின்னால் மறைவாக ஒரு படி. கீழே இறங்க இறங்க இருட்டுப் பாதை, ஒரே மாதிரி அறைகள். நடுவில் ஒரு பெட்டியில் எர்ட்ரிக்கின் வாள் கிடைத்தது. மணி ஒன்றேகால். அம்மா ஒரு தடவை எழுந்து வந்து, "கண்ணு என்னத்துக்குடா ஆகும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசித் தளத்தில் டிராகன்லார்டு. நான் கையைத் துடைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன். அவன் சண்டைக்கு வரவில்லை. பேசினான். நீளமாகப் பேசினான். ‘தௌ’, ‘தீ’ எல்லாம் வந்தது. வில்லன் வசனம்தானே என்று ‘ஏ’ பட்டனைத் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கேள்வி. யெஸ், நோ. யெஸ். நிஜமாகவா என்று ஒற்றை வார்த்தையில் மறுபடி கேட்டான். அந்த வார்த்தை எனக்கு நன்றாகவே தெரியும். அப்போதாவது நின்றிருக்கலாம். யெஸ்.

அவன் சிரித்தான். கேம் அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, கால் மணி நேரம் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் திரையில் இருந்ததை வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். என் பக்கம் சேர்ந்துகொள், இந்த உலகத்தில் பாதியை உனக்குத் தருகிறேன் என்று அவன் கேட்டிருக்கிறான். நானும் சரி என்றிருக்கிறேன், இரண்டு தடவை! பாதி உலகம் என்றால் இருட்டான பாதி. உன் பயணம் முடிந்தது, தூங்கு என்கிறான். இது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. ஹோரி வைத்த முடிவே இதுதான். ஜப்பானில் முதன்முதலில் ஆடியவர்களுக்கு இன்னும் மோசம். சரி என்றவர்களுக்கு டிராகன்லார்டே ஒரு மந்திரம் எழுதிக் கொடுப்பானாம். மறுநாள் அதை அடித்தால் கையில் ஒன்றுமில்லாமல் முதல் லெவலில் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு அவ்வளவு நஷ்டம் இல்லை. ராஜாவிடம் பதிவு செய்த இடத்திலிருந்து தொடரலாம். அன்றைய ராத்திரியும் எர்ட்ரிக்கின் வாளும்தான் போனது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

உடனே எனக்கு ஞானோதயம் வந்தது என்று எழுதினால் அது பொய். கோபம்தான் வந்தது. கம்ப்யூட்டரை ஒரு வாரம் தொடவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் அப்பா செல்போனை நீட்டினார். "இதுல என்னன்னு பாருப்பா. மறுபடியும் ஐந்நூறு ரூபா பிடிச்சிட்டான்." இது மூன்றாவது தடவை. இரண்டு தடவையும் நான், "ஏதோ சார்ஜ்ப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

போன ஜூலையில் அப்பா ஒரு பழைய பைக் வாங்கினார். கொத்தனார் வேலைக்கு விடியற்காலையில் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ்ஸை நம்பினால் ஆகாது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 36,000 ரூபாய் கடன். ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். கத்தையாக இங்கிலீஷ் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. அப்பா அதை என்னிடம் கொடுத்து, "படிச்சுப் பாருப்பா" என்றார். ஏஜென்ட் என்னைப் பார்த்து, "தம்பி டிப்ளமோவா? அப்ப கவலையே இல்ல" என்றார். நான் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். படிக்கவில்லை. புரட்டினேன். அப்பாவும் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சரியாத்தான் இருக்கு, போடுங்கப்பா" என்றேன். அப்பா பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதே ரெக்கார்ட் நோட்டு. இடது பக்கம் அவர்கள் சொல்வது, வலது பக்கம் அர்த்தம். மூன்று நாள் ஆயிற்று. ‘தௌ’ இல்லையே தவிர, இந்த இங்கிலீஷும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். வட்டி 12 சதவீதம் ‘ஃப்ளாட்’ என்று இருந்தது. சிவில்காரனுக்கு ஃப்ளாட் என்றால் அடுக்குமாடி வீடு, ஃப்ளாட் ஸ்லாப்! அகராதியிலும் உருப்படியாக இல்லை. கணக்கு சாரிடம் போனேன். அசல் குறையக் குறைய வட்டி குறையாது, முதல் நாள் கடன் முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி என்று அர்த்தம் என்றார். 36,000-க்கு இரண்டு வருடத்துக்கு 8,640. ஆக 44,640. இருபத்து நாலு தவணை, மாசம் 1,860. பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம் வருகிறது. லேபில் எக்ஸெல்லில் போட்டு இரண்டு தடவை சரி பார்த்தேன். பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

ஐந்நூறு ரூபாய்க்கும் விடை அதிலேயே இருந்தது. தவணை நாள் மூன்றாம் தேதி. அன்று கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் ஒவ்வொரு தடவையும் 500. அப்பாவுக்கு சனிக்கிழமைக்கு சனிக்கிழமைதான் கூலி. மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலாம் தேதியோ ஆறாம் தேதியோ வந்தால், போச்சு. ஒன்பதாம் பக்கத்தில், தவணை நாளை மாற்ற வேண்டுமானால் எழுத்து மூலம் கேட்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. நான் புரட்டின பக்கம்தான்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன். வட்டிக் கணக்கு, மூன்றாம் தேதி, எல்லாம். அன்றைக்கு நான் படிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "தெரியலேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, பக்கத்துத் தெரு வாத்தியார்கிட்டக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்ல?" என்றார். அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு பேரும் அந்த ஆபீசுக்குப் போனோம். தவணை நாளை மாற்றச் சொல்லி லெட்டரை நானே இங்கிலீஷில் எழுதினேன். மூன்று தடவை கிழித்து எழுதினது. கவுன்டரில் இருந்தவர், வட்டியைப் பற்றிக் கேட்டதும், "கையெழுத்துப் போட்டாச்சே தம்பி" என்று சிரித்தார். பிடித்த 1,500 திரும்ப வராது. தேதியை மட்டும் பத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஜனவரியிலிருந்து ஐந்நூறு பிடிக்கவில்லை. இன்னும் பதினைந்து தவணை இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் திரும்ப ராஜாவின் முன்னால் போய் நின்றேன். சார்லாக், சிம்மாசனம், மறைவுப் படி, எர்ட்ரிக்கின் வாள், எல்லாம் மறுபடியும். டிராகன்லார்டு பேசியதை இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். நோ கொடுத்தேன். அப்புறம்தான் சண்டை. மனித உருவத்தில் ஒரு சுற்று, அது முடிந்தால் பெரிய டிராகனாக மாறி இன்னொரு சுற்று. அந்த டிராகனிடம் நம் மந்திரம் பலிக்காது. வாளால் வெட்டுவது, உயிர் குறைந்தால் குணமாக்கும் மந்திரம் போட்டுக்கொள்வது, திரும்ப வெட்டுவது. இரண்டு தடவை செத்தேன். பாதிக் காசு, பாதியில் பாதிக் காசு. இருபத்தொன்றாம் லெவலில் மூன்றாவது தடவை விழுந்தான். ஒளிக்கோளம் வந்தது. ஊரெல்லாம் பூதம் ஒழிந்துவிட்டது. டான்டிஜெல் வரை ஒரு ஸ்லைம்கூடக் குறுக்கே வராமல் நடந்தது என்னவோ போலிருந்தது.

ராஜா தன் நாட்டையே கொடுக்கிறேன் என்கிறார். நம் வீரன் வாங்க மாட்டேன் என்கிறான். ஆண்டால் தானே கண்டுபிடிக்கும் நாட்டைத்தான் ஆள்வானாம். அங்கே நம்மை யாரும் யெஸ்-நோ கேட்பதில்லை. அவனே சொல்லிவிடுகிறான். பிறகு இளவரசி, நானும் கூட வரட்டுமா என்று கேட்கிறாள். படித்தேன். தெரிந்தே நோ அழுத்தினேன். அதே பழைய வரி! விட மாட்டாள். ஆறு தடவை நோ அழுத்திச் சிரித்துவிட்டு யெஸ் கொடுத்தேன்.

இரண்டாம் பாகம் 1987-ல் வந்ததாம். அதில் ஒருவர் இல்லை, மூன்று பேர் சேர்ந்து போகலாம். மாமா பையன் அதையும் போட்டுத் தந்திருக்கிறான். ஆறாம் செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று இன்னும் திறக்கவில்லை. சுவரில் அலெஃப்கார்ட் வரைபடம் மட்டும் அப்படியே ஒட்டியிருக்கிறது. போன வாரம் அப்பா அதன் கீழே நின்று, எங்கள் சித்தப்பாவின் சீட்டுப் பத்திரத்தை நீட்டினார். நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ்.

"அவசரமில்லைப்பா, ரெண்டு நாள் வெச்சுப் பாரு" என்றார்.